நாலு நீலத் தடங்கள்

ஞானேந்திரனைக் குளிப்பாட்டி முடிக்க ஐம்பது நிமிடம் பிடிக்கும். அவசரப்பட்டால் ஒரு மணித்தியாலம். ஒன்பது மாதத்தில் அக்னெஸ் படித்துக்கொண்ட பாடம் இது.

முதலில் குளியலறை சூடேற வேண்டும். பிரெஞ்சு பேசுகிற அந்தக் குளிர் நகரத்தின் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் அவர்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டின் ஹீற்றருக்கு மாசி மாதம் வந்தால் வயசாகிவிடும். இருமும், சூடு வராது. அதனால் சுடுதண்ணிக் குழாயைத் திறந்துவிட்டுக் கதவைச் சாத்தி, கண்ணாடி வியர்க்கும்வரை காத்திருப்பாள். பிறகு அறைக்குப் போய் அவரைக் கட்டில் விளிம்பில் நிமிர்த்தி இருத்துவாள். வலது பக்கம் முழுதும் செயலிழந்த உடம்பு. தொண்ணூறு கிலோ. அவருடைய நல்ல காலைத் தன் கால்களுக்கிடையில் ஊன்ற வைத்து, அக்குளுக்குள் கை கொடுத்து, "எழும்புவம், ஒண்டு, ரெண்டு" என்று எண்ணுவாள். மூன்று வரும்போது இரண்டு பேரும் நின்றுகொண்டிருப்பார்கள். அல்லது இரண்டு பேரும் கட்டிலில் விழுந்து கிடப்பார்கள்.

அந்தப் புதன்கிழமை நின்றுவிட்டார்கள். தள்ளாடித் தள்ளாடிக் குளியலறைக்கு வந்தபோது, மகள் அஜிதா கக்கூஸ் மூடியின் மேல் படம் கீறும் கொப்பியோடு உட்கார்ந்திருந்தாள்.

"வெளியில போ பிள்ளை. அப்பாக்கு வெக்கமாயிருக்கும்."

"கேட்டனான் அம்மா. அப்பா, நான் இஞ்சை இருந்து கீறட்டோ?"

"ஓம்," என்றார் ஞானேந்திரன்.

"வெக்கமோ உங்களுக்கு?"

"ஓம்."

"அப்ப நான் போகட்டோ?"

"ஓம்."

போன வைகாசியில் மூளையில் இரத்தம் அடைத்தபோது அவருடைய சொற்கள் எல்லாம் போய்விட்டன. மிஞ்சியது இது ஒன்றுதான். பசிக்குதோ, ஓம். பசிக்கேல்லையோ, ஓம். சபனல் வீதித் தையல் ஆலையில் இருபத்திரண்டு வருசம் துணி வெட்டிய மனிதர்; மேசை மேல் எண்பது மடிப்புத் துணியை விரித்து ஒரு நூல் பிசகாமல் வெட்டுவார் என்று முதலாளி சொல்வார். இப்போது ஒரு கரண்டியை வாய்க்கு நேரே கொண்டுவர இடது கைக்கு மூன்று முயற்சி வேண்டும்.

"சரி, இருந்தா இரு. ஆனா அவர் சறுக்கினால் பென்சிலைப் போட்டிட்டுப் பிடிக்கோணும்."

வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரையில் அவரை இருத்தி, செயலற்ற வலது கையைத் தூக்கி மடியில் வைத்தாள். தண்ணீரைத் தன் முழங்கையில் பார்த்துவிட்டு, கோப்பையால் முதலில் காலுக்கு, பிறகு முதுகுக்கு ஊற்றினாள். எடுத்தவுடன் தலையில் ஊற்றினால் பயந்து கத்துவார். சவர்க்காரம் போடும்போது அஜிதாவின் பென்சில் கொப்பியில் உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிக்கிற பிள்ளை; கடைசி வருசம். பங்குனி முடிவில் எல்லாரும் ஒவ்வொரு பெரிய படம் வைக்க வேண்டுமாம். தகப்பனோடு கதைக்க வழியில்லாமல் போன பிள்ளை கீறுவதையாவது செய்யட்டும் என்று அக்னெஸ் விட்டுவிட்டாள்.

குளிப்பாட்ட ஆள் இல்லாமல் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரமே வட்டாரச் சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண் பிள்ளையை அனுப்பினார்கள். கிழமைக்கு இரண்டு தரம், இலவசம். அன்றைக்குப் பார்த்து ஞானேந்திரனின் தமக்கை அல்போன்சம்மா கர்க்லாண்டிலிருந்து மகனின் காரில் வந்திருந்தாள். வெள்ளைக்காரப் பிள்ளை தம்பியின் சாரத்தை அவிழ்ப்பதைக் கண்டதும், தோளிலிருந்த சால்வையை எடுத்து அவர் மேல் போர்த்திவிட்டாள். அந்தப் பிள்ளை போனபிறகு குசினிக்குள் வந்து கதிரையை இழுத்துப் போட்டாள்.

"அக்னெஸ், நான் ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதையும். உமக்கு ரெண்டு கை இருக்குதோ இல்லையோ?"

"இருக்குது மச்சாள்."

"அப்ப என்னத்துக்கு ஊர் பேர் தெரியாத குமரியின்ர கையில என்ர தம்பியைக் குடுக்கிறீர்? ஊரில பேசாலைக் கடற்கரையிலகூட ஆக்களுக்கு முன்னால சேட்டுக் கழட்டாதவன் அவன். அம்மா செத்தபிறகு பத்து வயசுவரைக்கும் நான்தான் குளிப்பாட்டினது. அப்பவும் கண்ணை மூடு அக்கா எண்டுதான் சொல்லுவான்."

"பாரம் மச்சாள். தூக்க ஏலாமல் இருக்குது."

"எனக்கு முழங்கால் சரியா இருந்தா நான் உம்மட்டைக் கேக்கமாட்டன். கோயில்ல சனம் என்ன சொல்லும்? நடக்கேக்க சம்பளத்தை வாங்கினா, விழுந்த உடனே மற்றவையின்ர கையில குடுத்திட்டா எண்டு சொல்லும்."

அக்னெஸ் அடுத்த நாளே நிலையத்துக்கு அறிவித்துவிட்டாள். வேண்டாம், மெர்சி, நான் பார்க்கிறேன்.

அதற்குப் பிறகு நாள் இப்படித்தான். காலை நாலரைக்கு எழும்பி மாக்குழைத்து இடியப்பம் பிழிவாள். ஜோன் தலோன் வீதிக் கடைக்கு முந்நூறு இடியப்பம், சொதி தனி. எட்டு மணிக்குக் கடைக்காரன் கீழே ஹோர்ன் அடிப்பான். பெட்டிகளை வெளிப்படிக்கட்டால் இறக்க வேண்டும். பனி உறைந்த இரும்புப் படி. மேலே வரும்போது அவர் நனைத்திருப்பார். மாற்றிவிட்டுக் கஞ்சி ஊட்டினால் குளிசை நேரம் வரும். குளிசை விழுங்கவைத்துத் திருப்பிப் படுக்கவைத்தால் மத்தியானம். இடியப்ப உரலை நெரித்து நெரித்து அவளுடைய விரல்கள் கம்பி மாதிரி இறுகிப்போயிருந்தன. வலது கையில் பெருவிரலை விட்டால் மூன்றரை விரல்தான் என்று சொல்லலாம். முன்பு வேலை செய்த பிஸ்கற் தொழிற்சாலையில் சுட்டுவிரலின் நுனி போய்விட்டது.

அந்தக் கையால்தான் அது நடந்தது.

மாசி மாதம் முதல் கிழமை. வெளியே முப்பது சென்ரிமீற்றர் பனி. இரவு மூன்று தரம் எழும்பியிருந்தாள். குளிப்பாட்டி, துடைத்து, பவுடர் போட்டு, புதுச் சாரம் உடுத்தி நிமிர்த்தியபோது அவர் மலம் கழித்துவிட்டார். சாரம், கதிரை, அவளுடைய கால் எல்லாம். அவள் குனிந்து துடைக்கையில் இடது கையால் அவளுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்தார். விழுந்துவிடுவோமென்ற பயத்தில் பிடித்திருக்கலாம். அவளுக்கு அந்த நேரம் அப்படித் தோன்றவில்லை. நிமிர்ந்து, அவருடைய வலது புயத்தைப் பிடித்து நெரித்தாள். நெரித்து உலுக்கினாள். "என்ன வேணும் உங்களுக்கு? நான் சாகோணுமோ? சொல்லுங்கோ, நான் சாகோணுமோ?"

"ஓம்," என்றார்.

அவள் இன்னும் இறுக்கினாள்.

உணர்ச்சியில்லாத கைதானே என்று பிறகு தனக்குச் சொல்லிக்கொண்டாள். ஆனால் ஆத்திரத்திலும்கூட அந்தக் கையைத்தான் தேர்ந்து பிடித்திருக்கிறாள் என்பது அவளுக்கு விளங்காமல் இல்லை. நோகிறதா என்று கேட்டுப் பார்த்தாள். ஓம். நோகவில்லையா என்று கேட்டாள். ஓம். இரண்டு நாளில் புயத்தில் நாலு நீலத் தடங்கள் எழும்பின. அது ஒரு தரம் நடந்தது என்று சொன்னால் பொய். அந்த மாதத்தில் மூன்று தரம் நடந்தது.

சோஷல் வேர்க்கர் சொலாஞ் மாதத்துக்கொருதரம் வருவாள். ஐம்பது வயசு, தலையில் கம்பளித் தொப்பி, சப்பாத்தை வாசலில் கழற்றி வைக்கத் தெரிந்த பெண். முதல் நாளே சொல்லியிருந்தாள்: வீட்டில் பார்க்க முடிகிறவரை வீடு, முடியாவிட்டால் பராமரிப்பு நிலையம், அதற்கு வரிசை இருக்கிறது, எந்தத் திசையில் இடம் வருகிறதோ அங்கேதான். நகரம் இருக்கிற தீவின் மேற்கு அந்தத்திலே, சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கிடைத்தால் அங்கே. அக்னெஸ் அந்த ஊருக்கு ஒருதரமும் போனதில்லை. தமிழ் ஒரு சொல் தெரியாதவர்களுக்கு நடுவில், ஒரு சொல்லோடு அவர் கிடப்பதை நினைக்கவே அவளுக்கு ஏலாது.

மாசி முடிவில் வந்தபோது சொலாஞ் அவருடைய சேட்டுக் கையைச் சற்று உயர்த்திப் பார்த்தாள். அஜிதாவைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"இது என்னெண்டு கேக்கிறா அம்மா."

"இரத்தம் இளக்கிற குளிசை குடிக்கிறாரெல்லோ. தொட்டாலே நீலமாகுது எண்டு சொல்லு."

அஜிதா கொஞ்ச நேரம் தாயைப் பார்த்தாள். பிறகு பிரெஞ்சில் அதைச் சொன்னாள். சொலாஞ் எழுதிக்கொண்டாள். அடுத்த முறை வரும்போதும் பார்க்கிறேன் என்றாள்.

*

பங்குனி கடைசிச் சனிக்கிழமை படக் கண்காட்சியின் தொடக்க விழா. அல்போன்சம்மாவுக்கு இந்த விசயத்தில் பெரிய சந்தோசம். தம்பியின் படம் பல்கலைக்கழகத்தில் வைக்கிறார்களாம் என்று செபக்கூட்டத்தின் வாட்ஸப்பில் போட்டுவிட்டாள். ஒரு மனிதனின் பெரிய படம் என்றால் அவர்களுக்குத் தெரிந்தது கோட் போட்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற படம்தான். தன் மகன் டனிஸ்ரனின் கலியாணத்தில் தம்பியை எடுத்த அப்படியொரு போட்டோவைத் தை மாதமே அஜிதாவின் கையில் கொடுத்திருந்தாள். "இதைப் பார்த்துக் கீறு பிள்ளை. கழுத்துப்பட்டி நீலம். மறந்திடாதை."

அஜிதா "ஓம் மாமி" என்று வாங்கி வைத்ததை, கீறுகிறேன் என்று அல்போன்சம்மா எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலை செபக்கூட்டத்திலிருந்து ஆறு பேர் ஒரு வானில் வந்திறங்கினார்கள். பெண்கள் சீலையில், மேலே குளிர்கால ஜக்கெற். அல்போன்சம்மா இரண்டு தட்டு மீன் பற்றிஸ் பலகாரம் சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். வைன் கிளாசுகளுக்கு நடுவே இடம் பிடித்து வைத்தாள். ஞானேந்திரனைப் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டு சிவநேசம் அக்கா இருந்ததால் அக்னெசும் வர முடிந்தது.

"எங்கை எங்கட ஆளின்ர படம்?"

டனிஸ்ரன் கூட்டிக்கொண்டு போனான். கர்க்லாண்டில் சொந்த வீடு, கணக்காளர் வேலை, நல்ல பிரெஞ்சு. மூலை திரும்பியதும் அவன் நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் அவன் முதுகில் முட்டி நின்றார்கள்.

சுவர் உயரத்துக்குப் படம். வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரையில் ஒரு மனிதன் ஒரு நூல் துணியில்லாமல் உட்கார்ந்திருக்கிறான். வயிறு மடிந்து தொடைமேல் கிடக்கிறது. செத்த மீன் மாதிரி வலது கை மடியில். தலை ஒரு பக்கம் சாய்ந்து, கண்கள் படத்துக்கு வெளியே யாரையோ பார்க்கின்றன, அடிக்கப்போகிறார்களா துடைக்கப்போகிறார்களா என்று தெரியாத பார்வை. பின்னால் ஒரு பெண்ணின் வீட்டுச்சட்டையும் கோப்பை பிடித்த கையும் மட்டும். முகமில்லை. படம் முழுக்கச் சாம்பல், மஞ்சள், தோலின் மண்நிறம். புயத்தில் மட்டும் நாலு நீலத் தடங்கள். மூன்று நீளம். மேலே இருந்தது கட்டை.

"யேசுவே," என்றாள் ஒரு பெண் மெல்ல. இன்னொருத்தி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள்.

அல்போன்சம்மா ஜக்கெற்றைக் கழற்றினாள். படத்தின் மேல் போர்த்தலாமா என்று பார்ப்பதுபோல் இரண்டடி முன்னே போனாள். டனிஸ்ரன் கையைப் பிடித்து நிறுத்தினான். "அம்மா, தொடக் கூடாது."

அந்த நேரம் பார்த்து அஜிதாவின் ஆசிரியை வந்தாள். நரைத்த குட்டை முடி, கழுத்தில் பெரிய மணிகள். குடும்பத்தார் என்றதும் எல்லாருடைய கையையும் பிடித்துக் குலுக்கி, ஆற்றொழுக்காகப் பிரெஞ்சில் பேசினாள். அவள் கண்கள் கலங்கியிருந்தன. டனிஸ்ரன் சங்கடத்தோடு மொழிபெயர்த்தான்.

"இந்த வருசத்தில இதுதான் திறம் படமாம். இந்தக் காலத்தில உடம்பைக் கீறுறவை கனபேர், ஆனா உடம்பு எவ்வளவு கெதியா உடையும் எண்டு கீறுறவை குறைவாம்."

"அதென்ன முகமில்லாமல் ஒரு பொம்பிளை?" என்று கேட்டாள் கூட்டத்திலிருந்த ஒருத்தி.

"அது... அது அரசாங்கமாம். இல்லாட்டி விதியாம். கழுவுற மாதிரியும் இருக்கும், ஒண்டும் செய்யாத மாதிரியும் இருக்குமாம்."

"அந்த நீலம்?"

கேட்டது அக்னெஸ். தன் குரல் என்று அவளுக்கே தெரியவில்லை.

ஆசிரியையின் முகம் மலர்ந்தது. கையை உயர்த்தி, தொடாமல், அந்த நாலு தடங்களையும் காற்றில் தடவிக் காட்டினாள்.

"அதுதான் படத்தின்ர உயிராம் மாமி. உண்மையான காயமில்லையாம், ஒரு குறியீடாம். எங்கட சனத்தைப் பிடிச்சு நெரிச்ச கையாம். யுத்தம், கடல், அகதி வாழ்க்கை எல்லாம் அதுக்குள்ள இருக்காம். ஒரு விரல் கட்டையா இருக்கிறது சரித்திரம் இன்னும் முடியேல்லை எண்டதுக்காம்."

அக்னெஸ் தன் வலது கையை ஜக்கெற் பைக்குள் விட்டாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் ஆசிரியையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறையில் ஒரே ஒருத்திதான் அவளுடைய பையைப் பார்த்தாள். தூணோடு சாய்ந்து நின்ற அஜிதா.

*

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து அல்போன்சம்மா மூன்று மாடியும் ஏறி வந்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கதிரையில் விழுந்தாள். தேத்தண்ணியை வாங்கவில்லை.

"அஜிதா எங்கை?"

"அறைக்குள்ள."

"இருக்கட்டும், நான் கதைக்கிறது அவளுக்கும் கேக்கும். டனிஸ்ரன் ஒரு கடிதம் அடிச்சுத் தந்திருக்கிறான். நோயாளிக்குச் சம்மதம் சொல்லுற நிலை இல்லை, மனிசி எண்ட முறையில படத்தை எடுக்கச் சொல்லுறன் எண்டு. நீர் ஒரு கையெழுத்து வைச்சா நாளைக்கே இறக்கோணுமாம்."

"அப்பா ஓம் எண்டு சொன்னவர் மாமி," என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அவன் உன்ர கொப்பனோ, கிளியோ? வெட்டிப் போடட்டோ எண்டு கேட்டாலும் ஓம் எண்டுதான் சொல்லுவான். அதை வைச்சுக்கொண்டு உரிஞ்சு போட்டுச் சுவரில கொழுவினியே." அல்போன்சம்மாவின் குரல் உடைந்தது. "நேற்று இரவு முழுக்க எனக்கு நித்திரை இல்லை, அக்னெஸ். கண்ணை மூடு அக்கா எண்டவன். நான் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டிப்போட்டு வந்திருக்கிறன். பற்றிசும் சுட்டுக்கொண்டு."

அக்னெஸ் கடிதத்தை வாங்கி மேசையில் வைத்தாள். "பேந்து வைக்கிறன் மச்சாள்."

"பேந்தென்ன பேந்து? உமக்கும் மானம் இருக்குதுதானே."

"இருக்குது மச்சாள். அதுதான் யோசிக்கிறன்."

அல்போன்சம்மா தம்பியின் அறைக்குள் போனாள். கட்டிலருகே நின்று போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, அது நழுவாமல் இரண்டு பக்கமும் செருகினாள். அவர் விழித்துப் பார்த்தார். "நான்தானடா," என்றாள். பிறகு படியிறங்கிப் போய்விட்டாள்.

அஜிதா குசினிக்கு வந்து, ஆறிப்போன மாமியின் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள். தாயும் மகளும் மாப்பாத்திரத்துக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"குளிசையெண்டு சொல்லச் சொன்னனீங்கள். அதுக்கு ரெண்டு நாளைக்கு முதல்."

"கண்டனியோ?"

"கதவு திறந்திருந்தது. நான் யூனிவர்சிற்றியிலயிருந்து வெள்ளன வந்திட்டன். நீங்கள் அழுதுகொண்டு நெரிச்சனீங்கள்."

அக்னெஸ் கொதிதண்ணியை மாவுக்குள் ஊற்றி அகப்பைக் காம்பால் கிண்டினாள். ஆவி முகத்தில் அடித்தது.

"ஏன் வந்து பிடிக்கேல்லை?"

அஜிதா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "பயமா இருந்தது," என்றாள். "உங்களை இல்லை. நான் வந்தா பேந்து நீங்கள் என்ர முகத்தைப் பார்க்கமாட்டீங்கள் எண்டு."

"அதுக்காக உலகத்துக்கெல்லாம் கீறி வைச்சனியோ?"

"உங்களுக்குக் கீறினனான். நீங்கள் ஒருத்தர் கண்டு விளங்கினாப் போதும் எண்டு. ரீச்சர் அதை யுத்தம் எண்டு சொல்லுவா எண்டு எனக்குத் தெரியாது." அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "பெரிய மார்க்ஸ் போட்டிருக்கிறா அம்மா. நான் ஒண்டும் சொல்லேல்லை. கேட்டுக்கொண்டு நிண்டனான். அதுவும் பொய்தானே."

அக்னெஸ் மாவை உருட்டி உரலுக்குள் இட்டாள். நெரித்தாள். தட்டில் நூல் நூலாக விழுந்தது. ஒரு தட்டு, இரண்டு தட்டு, ஐந்து தட்டு. ஆறாவதில் கையை எடுத்துவிட்டாள்.

"இஞ்ச பார் பிள்ளை. என்ர கையை நீ கீறினது சரி. அதை நான் பிழை சொல்லமாட்டன். ஆனா அவரைக் கீறினது பிழை. மச்சாள் சொல்லுறது சரி. அவர் உரிஞ்சுபோட்டு நிக்கிறது என்ர பாவத்தைக் காட்டுறதுக்கோ? அவருக்கும் அதுக்கும் என்ன?"

அஜிதா தலைகுனிந்தாள்.

"படத்தை இறக்கு. நான் கையெழுத்து வைக்கிறன்."

"இறக்கினா எல்லாம் முடிஞ்சுதோ? ஒருத்தருக்கும் தெரியாது. செவ்வாய்க்கிழமை சொலாஞ் வாறா. நான் திரும்பக் குளிசையெண்டு சொல்லோணுமோ?"

"இல்லை," என்றாள் அக்னெஸ். "என்ர கதையை நான் வாயால சொல்லுறன். நீ சரியாப் பிரெஞ்சில சொல்லிவிடு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

*

திங்கட்கிழமை கடிதம் போனது. அஜிதாவே நின்று படத்தை இறக்கி, துணியால் சுற்றிக் கொண்டுவந்து தன் அறையில் சுவர்ப் பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தாள். அல்போன்சம்மா போன் எடுத்து, "மாதா உம்மைக் காப்பாத்துவா," என்றாள். நீண்ட நாளைக்குப் பிறகு அவள் குரலில் அன்பு இருந்தது. அந்த ஒரு நாளுக்கு அக்னெஸ் நல்ல மனைவியாக இருந்தாள். யாருக்கும் எதுவும் தெரியாது. ஆதாரம் என்று இருந்ததும் துணிக்குள் போய்விட்டது. செவ்வாய் காலை இடியப்பம் பிழிகிறபோது, பேசாமல் விட்டுவிடலாமே என்று அவளுக்கு ஒருதரம் தோன்றியது. ஒருதரம் இல்லை, முந்நூறு தரம்.

பதினொரு மணிக்கு சொலாஞ் வந்தாள். சப்பாத்தைக் கழற்றினாள். ஞானேந்திரனின் புயத்தைப் பார்த்தாள். தடங்கள் மஞ்சளாகி மறையும் நிலையில் இருந்தன. ஒன்றும் கேட்காமல் எழுதத் தொடங்கினாள்.

"பொறுக்கச் சொல்லு," என்றாள் அக்னெஸ்.

அவள் வலது கையை மேசையில் விரித்து வைத்தாள். நாலு விரல். ஒன்று கட்டை.

"குளிசை இல்லை. இது நான் பிடிச்சது எண்டு சொல்லு. மாசியில மூண்டு தரம். உலுக்கினனான். ஏலாத கையாப் பார்த்துப் பிடிச்சனான். அதையும் சொல்லு."

அஜிதா சொன்னாள். நடுவில் ஒருதரம் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். சொலாஞ் பேனையை மூடி வைத்தாள். கேள்விகள் கேட்டாள். எத்தனை மணிக்கு எழும்புகிறாய். யார் தூக்குகிறார்கள். கடைசியாக எப்போது ஒரு இரவு முழுதும் நித்திரை கொண்டாய். அக்னெசுக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை.

பிறகு சொலாஞ் மெதுவாக, ஒவ்வொரு வசனமாக நிறுத்திச் சொன்னாள். இதை அவள் எழுதித்தான் ஆகவேண்டும். மேலிடத்தில் விசாரிப்பார்கள். நாளையிலிருந்து தினமும் ஆள் வரும். இனிமேல் அக்னெஸ் தனியாக அவரைக் குளிப்பாட்டக் கூடாது, தூக்கக் கூடாது. ஆடி மாதம் முடிவு செய்வார்கள், வீடா நிலையமா என்று.

"அவ உங்களைக் கேக்கிறா அம்மா, விளங்குதோ எண்டு."

"விளங்குது. அனுப்பிப்போடுவினமோ எண்டு கேள்."

"தெரியாதாம். பொய் சொல்ல விருப்பமில்லையாம்."

அன்று பின்னேரமே அக்னெஸ் அல்போன்சம்மாவுக்கும் போன் எடுத்தாள். கோயிலில் யாரோ சொல்லித் தெரிவதைவிடத் தன் வாயால் தெரியட்டும் என்று நடந்ததைச் சொன்னாள்.

"நான்தானே குளிப்பாட்ட வந்த பிள்ளையைக் கலைச்சனான்," என்றாள் அல்போன்சம்மா. அக்னெஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "இல்லை, நீர் கதைக்காதையும். உம்மட குரல் எனக்கு இப்ப வேண்டாம்." போன் வைக்கப்பட்டது. அதன்பிறகு அந்த நம்பரிலிருந்து அழைப்பு வரவில்லை. ஞாயிறு பூசையில் செபக்கூட்டத்துப் பெண்கள் அக்னெசுக்குப் பக்கத்து வாங்கில் உட்காருவதையும் விட்டுவிட்டார்கள்.

குளிப்பாட்ட வந்தவன் வில்னர் என்ற ஹெயிட்டிக்காரன். உயரமானவன், கதைக்காதவன், வந்தால் கையைக் கழுவுவான், வேலையைப் பார்ப்பான், கையெழுத்து வாங்கிக்கொண்டு போவான். முதல் நாள் அக்னெஸ் குளியலறை வாசலில் நின்று, தனக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில், தண்ணீர் முதலில் காலுக்கு, தலைக்குக் கடைசியில் என்று சொன்னாள். அவன் தலையாட்டினான். கதவைச் சாத்தினான்.

கதவுக்கு வெளியே அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. குசினியில் நின்று தண்ணீர் விழுகிற சத்தத்தை வைத்து, இப்போது கால், இப்போது முதுகு என்று பின்தொடர்ந்தாள். இரண்டாம் கிழமை ஒரு வியாழன், முதுகுக்கு ஊற்றுகிற நேரத்தில் உள்ளே ஏதோ தடாலென்று விழுந்தது. பீச்சியடிக்கிற தண்ணீரின் சத்தம். வில்னர் தன் மொழியில் எதையோ உரக்கச் சொன்னான். பிறகு மூச்சுத் திணறுவதுபோல் ஒரு குரல், விட்டு விட்டு.

அக்னெஸ் ஓடினாள். அறைக்குள்ளிருந்து அஜிதாவும் வந்தாள். அக்னெசின் கை கதவுப் பிடியில் விழுந்துவிட்டது.

"அம்மா, பொறுங்கோ."

இரண்டு பேரும் காதைக் கொடுத்தார்கள். கைக்குழாய் நழுவி விழுந்து வில்னரை முழுக்க நனைத்திருக்க வேண்டும். அவன் சட்டையை உதறுகிற சத்தம் கேட்டது. அந்த மற்றக் குரல் அடங்கி, மறுபடி பொங்கியது. நெஞ்சின் அடியிலிருந்து, கரகரவென்று.

"சிரிக்கிறார்," என்றாள் அஜிதா.

சபனலில் வேலை முடிந்து படியேறும்போது கீழேயே கேட்கும் சிரிப்பு அது. பதினொரு மாதமாக அந்த வீட்டில் இல்லை. தன்னிடம் ஏன் அது வரவில்லை என்று அக்னெஸ் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அவளுக்குத் தெரியும்.

அவள் பிடியிலிருந்து கையை எடுத்தாள். காய்ந்த துவாய் ஒன்றைக் கொண்டுவந்து வாசல் கதிரையில் மடித்து வைத்தாள். பிறகு, கதவு திறக்கும்போது அவர் தன்னைக் கண்டு அந்தச் சிரிப்பை நிறுத்திவிடக் கூடாது என்று, சத்தமில்லாமல் குசினிக்குள் போய் நின்றுகொண்டாள்.